போலா-தேக்கா பாபு

அவரிடம் போய் "எனக்கு மலேரியா" என்று சொல்ல முடியாது. சொன்னால் பேனாவை மூடிவிடுவார். "அது நோயோட பேரு. உங்களுக்கு என்ன பண்ணுது, அதச் சொல்லுங்க" என்பார். குளிர்கிறது என்று சொல்ல வேண்டும். எந்த நேரத்தில் குளிர்கிறது, போர்த்திக்கொண்டால் நிற்கிறதா, பல் அடித்துக்கொள்கிறதா, வியர்த்த பிறகு பசிக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதுவார். அதற்குப் பிறகுதான் விரல் நுனியைக் குத்தி, ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தடவி, போர்ட் பிளேருக்கு அனுப்புவார். மூன்றாம் நாள் பதில் வரும். பெரும்பாலும் மலேரியாவாகத்தான் இருக்கும். வந்தவர், இதைத்தானே அன்றைக்கே தொண்டை வற்றச் சொன்னேன் என்று முணுமுணுத்துக்கொண்டு மாத்திரை வாங்கிப் போவார்.

அந்தமானில் பெரார்கஞ்ச் டிஸ்பென்சரியில் அவர் கம்பவுண்டர், நான் நர்ஸ். பிரசவமும் நான்தான் பார்ப்பேன். அறுபதுகளின் நடுவில் என் வீட்டுக்காரருக்குப் பொதுப்பணித் துறையில் ஓவர்சியர் வேலை கிடைத்து நாங்கள் கப்பல் ஏறினோம். வந்த மூன்றாவது மாதம் எனக்கும் வேலை போட்டுக் கொடுத்துவிட்டார்கள். நர்ஸ் கிடைப்பது அவ்வளவு கஷ்டமாக இருந்த காலம். டாக்டர் செவ்வாயும் வெள்ளியும் ஜீப்பில் வருவார். மற்ற நாட்களில் சுற்றியிருந்த வங்காளிக் குடியேற்றக்காரர்கள், மலையாள மாப்ளாக்கள், ராஞ்சிக் கூலிகள், நம் ஊர் ஆட்கள் எல்லாருக்கும் நாங்கள் இரண்டு பேர்தான்.

அவரிடம் ஒரு நீளமான ரிஜிஸ்டர் இருந்தது. ஒவ்வொரு பக்கத்திலும் நடுவில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருப்பார். இடது பக்கம் 'போலா', வலது பக்கம் 'தேக்கா'. தீவில் எல்லாரும் பேசுகிற இந்தியில் முதலாவது 'சொன்னது', இரண்டாவது 'பார்த்தது'. நோயாளி சொன்னது இடது பக்கம். நம் கண்ணும் கையும் தெர்மாமீட்டரும் கண்டது வலது பக்கம். கோட்டுக்கு இந்தப் பக்கத்து ஆள் அந்தப் பக்கம் போகவே கூடாது. ஊரில் அவருக்குப் பேரே போலா-தேக்கா பாபு. அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை, அதனால் நானும் இங்கே அதை எழுதப்போவதில்லை.

நான் சேர்ந்த அன்றைக்கே என்னிடம் ஆரம்பித்துவிட்டார். கப்பலில் வந்ததிலிருந்தே எனக்கு அடிக்கடி தலை சுற்றிக்கொண்டிருந்தது. என்ன சிஸ்டர், முகம் ஒரு மாதிரி இருக்கு என்று கேட்டார். பித்தம் என்றேன். பித்தத்தைப் பார்த்தீங்களா என்றார். எனக்குச் சுருக்கென்றது. நான் மதுரையில் மூன்று வருஷம் படித்துச் சர்டிபிகேட் வாங்கி வந்தவள், இந்த ஆள் ஏதோ பாடம் நடத்துகிறாரே என்று. ஆனால் அவர் முகத்தில் கிண்டல் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுத்தான் கேட்டார். நிற்கும்போது சுற்றுகிறதா, படுக்கும்போதா, தலை சுற்றுகிறதா, அறை சுற்றுகிறதா என்று அவர் கேட்கக் கேட்க, எனக்கே அதுவரை தெரியாத ஒன்று தெரிந்தது. இடது பக்கம் திரும்பிப் படுத்தால் மட்டும்தான் சுற்றியது. மூன்று மாதமாக என் தலைதான் சுற்றிக்கொண்டிருந்தது, எனக்கே அது தெரிந்திருக்கவில்லை.

நோயாளி உணர்வது சிம்ப்டம், நாம் காண்பது சைன் என்று மதுரையில் எனக்கும் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். பரீட்சையில் எழுதி மார்க் வாங்கி அதோடு மறந்துபோனேன். அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அட்டையும் முதல் இருபது பக்கமும் இல்லாத பழைய இங்கிலீஷ் புத்தகம் ஒன்று அவரிடம் இருந்தது. அதில் படித்த வார்த்தைகளை என்னிடம் கொண்டுவந்து எப்படி உச்சரிப்பது என்று கேட்பார். நான் உச்சரிப்பைச் சொல்வேன், அவர் அதற்கு அர்த்தம் சொல்வார். வலி என்றால் போலா. அதே இடத்தை நாம் அழுத்தும்போது முகம் சுளித்தால் தேக்கா. காய்ச்சல் அடிக்குது என்பது போலா, நூற்றியிரண்டு என்பது தேக்கா. "ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கணும்னு ஒண்ணுமில்ல சிஸ்டர். ஒண்ணா இல்லேன்னாதான் மஜா" என்பார்.

அவருடைய தமிழ் அப்படித்தான் இருக்கும். பாதி வாக்கியத்தில் இந்தி ஏறி உட்கார்ந்துகொள்ளும். அவர் குடும்பம் கைதிகள் காலத்திலிருந்தே தீவில் இருந்தது. அவருடைய கொள்ளுத்தாத்தா ஏதோ கொலைக் கேஸில் செங்கல்பட்டுப் பக்கமிருந்து வந்தவர். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அந்தத் தாத்தா நிஜமாகவே கொலை செய்தாரா என்று ஒருநாள் கேட்டே விட்டேன். அவருக்குக் கோபம் வரவில்லை. யோசித்துவிட்டு, "போலாவில நிறைய இருக்கு சிஸ்டர். ஜட்ஜ் சொன்னாரு, போலீஸ் சொன்னாங்க, பங்காளி சொன்னாரு. தேக்காவில ஒரு ஆளு இல்ல" என்றார்.

நோயாளி சொன்னதை அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதுவது அவர் வழக்கம். வங்காளியோ தெலுங்கோ, எல்லாவற்றையும் இங்கிலீஷ் எழுத்தில் எழுதி வைப்பார். டாக்டர் வந்து ரிஜிஸ்டரைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வார். நெஞ்சில் எறும்பு ஊர்கிறது என்றெல்லாம் எழுதியிருந்தால் அவர் என்ன மருந்து கொடுப்பார். ஒருமுறை வங்காளி அம்மாள் ஒருத்தி, நாற்பத்திமூன்று வயதிருக்கும், கல்யாணமான மகளே இருக்கிறாள், வயிறு உப்புசம் என்று என்னிடம் வந்தாள். நான் இரண்டு வாரம் வாயு மிக்ஸ்சர் கொடுத்தேன். மூன்றாம் வாரம் நான் லீவு. அவர் அவளை உட்கார வைத்து, உப்புசம் என்கிற வார்த்தையை எடுத்து வைத்துவிட்டு, உள்ளே என்ன பண்ணுகிறது என்று சொல்லச் சொல்லியிருக்கிறார். அவள் வெட்கப்பட்டுக்கொண்டே, வயிற்றுக்குள் மீன் திரும்புகிற மாதிரி இருக்கிறது என்றிருக்கிறாள். அதை அப்படியே எழுதி, மறுநாள் என் மேஜையில் ரிஜிஸ்டரைத் திறந்து வைத்திருந்தார். படித்ததும் எனக்கு முகம் சிவந்துவிட்டது. நூறு பிரசவம் பார்த்தவள் நான். வயிற்றில் இருக்கிற ஐந்து மாதக் குழந்தைக்கு இரண்டு வாரம் வாயு மருந்து கொடுத்திருக்கிறேன்.

கூட்டம் அதிகமான ஒரு மழைக்காலத்தில் நான் ஒரு ஏற்பாடு செய்தேன். வராந்தாவில் மூன்று பெஞ்சு போட்டு, முதல் பெஞ்சு காய்ச்சல், இரண்டாவது வலி, மூன்றாவது வயிறு என்று பிரித்து உட்கார வைத்தேன். ரத்தம் எடுத்த கண்ணாடிகள் இரண்டு மணி பஸ்ஸில் போக வேண்டும் என்பதால் காய்ச்சல் பெஞ்சை முதலில் கூப்பிடுவேன். நன்றாக ஓடியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரு மாதத்தில் பெரார்கஞ்சில் இருக்கிற அத்தனை பேருக்கும் காய்ச்சல் வந்துவிட்டது.

அவர் காய்ச்சல் பெஞ்சின் ஓரமாக நடந்து ஒவ்வொரு நெற்றியிலும் புறங்கையை வைத்துக்கொண்டே போவார். தேங்காய் அளவுக்கு முழங்கால் வீங்கிய ஒரு ராஞ்சிக்காரர் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். காய்ச்சல் எப்போதிலிருந்து என்று இவர் கேட்டார். பெஞ்சில் உட்கார்ந்ததிலிருந்து பாபு என்றார் அவர், கொஞ்சம்கூடத் தயங்காமல். ஊரே பொய் சொல்கிறது என்று நான் கொதித்தேன்.

"பொய் இல்ல சிஸ்டர்," என்றார். "நாம என்ன கேக்குறோமோ அதக் குடுக்கறாங்க. நீங்க பெஞ்சு போட்டுக் கேட்டீங்க."

மறுநாளே பெஞ்சுகளை எடுத்துவிட்டேன். இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. அவர் அதைக் கவனித்தாரா என்பதுகூட எனக்குத் தெரியாது. கவனித்திருப்பார், தேக்காவில் எழுதியிருப்பார்.

வருஷத்துக்கு ஒருமுறை போர்ட் பிளேரிலிருந்து கம்பவுண்டர் படிப்பு படிக்கிற ஐந்தாறு பேரை ஒரு வாரத்துக்கு எங்களிடம் அனுப்புவார்கள். நோட்டும் பேனாவுமாக வந்து இறங்குவார்கள். ஹிஸ்டரி, கம்ப்ளெயின்ட், ஆன்செட், டியூரேஷன் என்று கடகடவென்று ஒப்பிப்பார்கள். அவர் மரியாதையாகக் கேட்டுக்கொள்வார். பிறகு எல்லாரையும் கூட்டிக்கொண்டு எதிரில் இருக்கிற பஸ் ஸ்டாப்பில் போய் நிற்பார். இறங்குகிற ஆட்களைப் பார்த்து எழுதச் சொல்வார்.

ஒரு வருஷம் பஸ்ஸிலிருந்து ஒருவர் ஒரு பக்கமாகச் சாய்ந்து, இடது கையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, அடி அடியாக எடுத்து வைத்து இறங்கினார். நெற்றியெல்லாம் வியர்வை. ஒரு பையன் வாதம் என்று எழுதினான். ஒருத்தி சிறுநீரகக் கல் என்று எழுதினாள். இன்னும் இரண்டு மூன்று பேர் குடி என்று எழுதிவிட்டார்கள். அவர் நோட்டுகளை வாங்கிப் பார்த்து, இதில் எதைக் கண்ணால் பார்த்தீர்கள் என்று கேட்டார். சாய்ந்து நடந்ததையும் வியர்வையையும் எழுதிய ஒரே ஒரு பெண் எதுவும் கண்டுபிடிக்காததற்காக வெட்கப்பட்டு நோட்டை மறைத்து வைத்திருந்தாள். அவளுடைய நோட்டைத்தான் எல்லாருக்கும் காட்டினார். பிறகு அந்த ஆளிடமே போய்க் கேட்கச் சொன்னார். அந்த ஆள் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுச் சட்டைப் பொத்தானைக் கழற்றினார். உள்ளே உயிருள்ள கோழி. கண்டக்டர் கோழிக்கும் டிக்கெட் கேட்கிறாராம். மாணவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இவர் சிரிக்காமல் எவ்வளவு நேரமாக இப்படி வைத்திருக்கிறீர்கள் என்று விசாரித்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கோழியைப் பற்றியும் கவலை.

வீட்டிலும் இதே கதைதான். அவர் மனைவி ராயபுரத்துப் பெண், நல்ல சிரிப்புக்காரி. குழம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டால் புளி தெரிகிறது என்பாராம். புடவை நன்றாக இருக்கிறதா என்றால் பச்சையாக இருக்கிறது என்பாராம். இந்த மனுஷனை வைத்துக்கொண்டு என்ன செய்ய அக்கா என்று என்னிடம் வந்து சிரிப்பாள். அவர்களுக்கு இரண்டு பெண் குழந்தைகள். இரண்டாவது பெண்ணின் பிரசவம் நான் பார்த்ததுதான்.

இனி எழுத வேண்டியதை எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் அதை விட்டுவிட்டு அவரைப் பற்றி எழுதினால் கோழிக் கதையோடு நின்றுபோகும்.

நான் சேர்ந்து சில வருஷம் கழித்து, ஒரு பொங்கல் கழிந்த வாரம். ஸ்டவ்வில் ஊசிகள் கொதித்துக்கொண்டிருந்தன. அந்தப் பாத்திரத்தின் மூடிக்குக் கைப்பிடி கழன்றுபோய் ரொம்ப நாளாயிற்று, துணி பிடித்துத்தான் தூக்குவோம். அவர் என்னோடு பேசிக்கொண்டே இடது கையின் விளிம்பைக் கொடுத்து மூடியைத் தூக்கினார். தூக்கியபடியே நின்று பேசினார். சுண்டுவிரல் பக்கமாகக் கொதிநீர் வழிந்தது. கையை இழுக்கவில்லை. சுடலையா கம்பவுண்டரே என்று நான்தான் கேட்டேன். "அரே" என்று கீழே வைத்தார். பத்து வருஷமாக இதே வேலை, தோல் தடித்துவிட்டது என்றார். மறுநாள் அந்த இடத்தில் இரண்டு பெரிய கொப்புளம். நான் கட்டுப் போட்டேன். ஸ்பிரிட் தோய்த்த பஞ்சால் புண்ணைத் துடைத்தபோது அவர் வலது கையால் ரிஜிஸ்டரைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

அப்போதே எனக்குத் தெரியும். மதுரையில் எங்களை ஒரு வாரம் தொழுநோய் வார்டில் போட்டிருந்தார்கள். நெருப்பு சுடாத கையை நான் பார்த்திருக்கிறேன்.

ஆனால் வாயைத் திறக்கவில்லை. அந்த நாளில் அந்த நோயின் பெயர் ஒரு ஆளின் மேல் விழுந்தால் என்ன ஆகும் என்று எல்லாருக்கும் தெரியும். மாத்திரை வந்துவிட்டது, குணமாகும் என்று டாக்டர்கள் சொன்னாலும் ஜனங்களுக்கு அது போய்ச் சேரவில்லை. அவர் கையால் ஊற்றிய மருந்தை யார் குடிப்பார்கள். சர்க்கார் குவார்ட்டர்ஸ் போகும். அந்தப் பெண் குழந்தைகளைப் பள்ளிக்கூடத்தில் யார் பக்கத்தில் உட்கார விடுவார்கள். இவ்வளவும் யோசித்தேன். யோசித்துவிட்டு எனக்கு வசதியாக ஒரு முடிவுக்கு வந்தேன். நான் பார்த்தது ஒரு தீப்புண். மற்றதெல்லாம் என் ஊகம். ஊகத்தை எழுதக் கூடாது என்று அவர்தானே சொல்கிறார். அவருடைய சட்டத்தையே எடுத்து என் பயத்துக்குப் போர்வையாகப் போட்டுக்கொண்டேன்.

அதற்குப் பிறகு பார்க்காமலும் இருக்க முடியவில்லை. சட்டைக் கையை மடித்துவிடும்போது இடது முழங்கைக்குக் கீழே வெளுத்த தேமல் ஒன்று தெரிந்தது. சித்திரை வெயிலில் கை முழுக்க வியர்வை முத்து முத்தாக நிற்கும், அந்த இடம் மட்டும் காய்ந்து கிடக்கும். மருந்து அளக்கிற கிளாஸைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடிக்கும்போது சுண்டுவிரல் முழுதாக நிமிரவில்லை. நான் எல்லாவற்றையும் பார்த்தேன். வெள்ளிக்கிழமை டாக்டர் வரும்போது சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். வெள்ளிக்கிழமை வரும், போகும். இப்படி நாலு மாதம்.

மே மாதம் ஒருநாள் மாலை அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் சின்னவளை மடியில் வைத்து பிளேடால் நகம் வெட்டிக்கொண்டிருந்தார். திடீரென்று குழந்தையின் கவுனில் ரத்தம். அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. குழந்தையின் கைகளை மாற்றி மாற்றிப் பிடித்து எங்கே வெட்டியது, எங்கே வெட்டியது என்று ஒவ்வொரு விரலாகத் தேடினார். அவள் எனக்கு வலிக்கலை அப்பா என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அவருடைய சொந்த விரலிலிருந்து ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது.

அன்று ராத்திரி நான் தூங்கவில்லை. மறுநாள் மதியம், மழை தொடங்கிவிட்டிருந்தது, நோயாளிகள் யாரும் இல்லை. நேரே சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. ஒரு அவுட் பேஷன்ட் சீட்டை எடுத்து நடுவில் கோடு போட்டேன். ஆண், வயது முப்பத்தாறு. போலா: ஒன்றும் சொல்லவில்லை. தேக்கா: கொதிநீர் பட்டும் கையை இழுக்கவில்லை. முழங்கைக்குக் கீழே வெளுத்த தேமல், அதில் வியர்வை இல்லை. இடது சுண்டுவிரல் முழுதாக நிமிரவில்லை. வெட்டுப்பட்டது தெரியவில்லை. எழுதி அவர் மேஜையில் வைத்து, இந்தக் கேஸைக் கொஞ்சம் பாருங்கள் என்றேன்.

அவர் படித்தார். கண் விரிந்தது. அந்த ஆசையான முகத்தை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். நல்ல கேஸ் சிஸ்டர் என்றார். சிம்ப்டமே இல்லாமல் சைன் மட்டும் இருக்கும் என்று புத்தகத்தில் படித்திருக்கிறாராம், இதுவரை ஒன்றுகூடக் கண்ணில் பட்டதில்லையாம். இதையெல்லாம் யார் பார்த்தது என்று கேட்டார். நான்தான் என்றேன். முதலில் எப்போது பார்த்தீர்கள் என்றார். பொங்கல் முடிந்து என்றேன்.

சீட்டைக் கீழே வைத்தார். அவர் கோபப்பட்டு நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"நாலு மாசமா? மத்லப், நீங்க பாத்தீங்க, நாலு மாசமாப் பாத்தீங்க, அவன்கிட்ட சொல்லல? வலிச்சாத்தானே சிஸ்டர் அவன் நம்மகிட்ட வருவான். வலிக்கலேன்னா அவனுக்கு எப்படித் தெரியும்? பாத்தவங்கதான் சொல்லணும்."

அவர் குரலைத் தணித்துக்கொண்டார். பாவம், அவன் மேல் என்ன தப்பு என்றார். அவனை உள்ளே கூப்பிடுங்கள், பயமுறுத்தாமல் நான் பேசிக்கொள்கிறேன் என்றார். வாசலை எட்டிப் பார்த்தார். வாசலில் மழை மட்டும்தான் இருந்தது. திரும்பி என்னைப் பார்த்தார். நான் எங்கே பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று பார்த்தார். மேஜையின் மேல் இருந்த அவருடைய இடது கையைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிற்பாடு நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அவர் மெயின்லேண்டுக்குக் கப்பல் ஏறிப் போய் மருந்து எடுத்துக்கொண்டு பதினோரு மாதம் கழித்துத் திரும்பி வந்தார். நோய் நின்றுவிட்டது. மனைவிக்கும் குழந்தைகளுக்கும் சோதித்துப் பார்த்தார்கள், ஒன்றும் இல்லை. வேலையும் போகவில்லை, ஆனால் மருந்து ஊற்றுகிற மேஜையிலிருந்து ஸ்டோருக்கு மாற்றினார்கள். வங்காளிகளும் ராஞ்சிக்காரர்களும் கொஞ்ச நாள் ஒதுங்கினார்கள், பிறகு ஸ்டோர் வாசலிலேயே போய் நின்று அவரிடம் தங்கள் உடம்பைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார்கள். நம் ஆட்கள்தான் கடைசிவரை வரவில்லை. இடது கையில் இரண்டு விரல்கள் மடங்கியது மடங்கியதுதான். சில மாதம் முன்னால் வந்திருந்தால் விரலை மீட்டிருக்கலாம் என்று அங்கே பெரிய டாக்டர் சொன்னாராம். அதை அவரே வந்து என்னிடம் சொன்னார். குத்திக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை. கேஸைப் பற்றி எனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று சொன்னார். அவருக்கு அப்படித்தான் பேசத் தெரியும். அந்த இரண்டு விரல்களுக்கும் நான்தான் பொறுப்பு. இத்தனை வருஷத்தில் அதை யாரிடமும் சொன்னதில்லை, இப்போது சொல்கிறேன்.

ஆனால் அவரை நினைத்தால் எனக்கு அந்த விரல்கள் நினைவுக்கு வருவதில்லை. அந்த மழை மதியம்தான் வருகிறது.

அவர் தன் கையைத் தூக்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். விரல்களை ஒட்டிவைக்கப் பார்த்தார். நாலு விரல் சேர்ந்தது, சுண்டுவிரல் தனியாக நின்றது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் அழுதுவிடுவேன் போலிருந்தது. அவர் எழுந்து கை கழுவினார். தன் நாற்காலியில் உட்காராமல் நோயாளிகள் உட்காருகிற ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சட்டைக் கையை மேலே மடித்துவிட்டார்.

பஞ்சைத் திரித்து எடுங்கள், இந்த மாதிரி தேமலுக்கு அதுதான் முறை என்றார். எனக்கும் தெரியும். பஞ்சை நூல் மாதிரி திரித்து, நுனியால் தோலைத் தொட வேண்டும். நோயாளி கண்ணை மூடிக்கொண்டு, தொட்டது தெரிந்ததும் சொல்ல வேண்டும். நான் பஞ்சைத் திரித்தேன். இரண்டு தடவை திரிக்க வேண்டியிருந்தது. அவர் கையை மேஜை மேல் நீட்டிக் கண்ணை மூடிக்கொண்டார். பரீட்சைக்கு உட்கார்ந்த பிள்ளை மாதிரி முகத்தை அவ்வளவு கவனமாக வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

முழங்கைக்குக் கீழே தொட்டேன். தேமலின் நடுவில் தொட்டேன். மணிக்கட்டின் ஓரத்தில் தொட்டேன். சுண்டுவிரலில், பழைய தீப்புண் ஆறிய தழும்பின் மேல் தொட்டேன். மழை தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது.

"ம், ஆரம்பிங்க சிஸ்டர்" என்றார்.